எங்கள் ஊர் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர் செத்துப்போன செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி வழியாகத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. தெருவில் பாதி வீடுகளில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம். கேன்டீன் அக்காவின் மெஸ்ஸில், சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த டிவிக்கு முன்னால் தெருவே கூடியிருந்தது. சில நாட்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்து அக்காவைப் படம்பிடித்துக்கொண்டு போனவர்கள், இன்றைக்கு ஒளிபரப்பாகும் என்று போன் செய்து சொல்லியிருந்தார்கள். அக்கா நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படத்தில் வரப்போவது அடுப்படிச் சேலையில் இருந்த அக்கா என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

விளம்பரங்கள் முடிந்தன. முதலில் எங்கள் மில்லின் துருப்பிடித்த கேட் வந்தது. அதன்மேல் ஒரு காக்கை. பிறகு ஷட்டர் இறக்கிய கடைகள், ஆளில்லாத தெரு, நிழலில் படுத்திருந்த ஒரு நாய். பின்னணியில் வயலினை இழுத்து இழுத்து வாசித்தார்கள். "ஏலே, இது எந்த ஊருலே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கேட்டவர் அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். யாரும் பதில் சொல்வதற்குள் திரை கறுத்து, சிவப்பு எழுத்தில் தலைப்பு விழுந்தது. ‘சவமாகிப்போன ஊர்’ என்று போட்டிருந்தது.

அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் மில் வைத்த பெயர்தான் நிலைக்கும். தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்த நூல் மில் அது. மூடி இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் கண்டக்டர்கள் "மில்லு எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். மில்லுக்குள் கேன்டீன் நடத்தியதால் அவள் கேன்டீன் அக்கா. அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண் என்பதால் நான் டைப்பு. மில்லும் போய், தட்டச்சு இயந்திரமும் போய், தென்காசியில் மனு அடித்துக்கொடுக்கும் கம்ப்யூட்டர் கடை வைத்து, எனக்குத் தலை நரைத்தும் விட்டது. அக்காவுக்கு நான் இன்னும் டைப்புதான். என் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் என் உண்மையான பெயரே தெரிந்தது என்று சொல்வாள். தெரிந்த பிறகும் ஒருநாள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மில் மூடியபோது அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன். அழுது முடித்த பிறகு ஆளுக்கொரு பக்கம் வேலை தேடிப் போனோம். சிலர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றினார்கள், சிலர் டெம்போ ஓட்டினார்கள். குற்றாலத்தில் சீசன் இருக்கிற மாதங்களில் ஆட்டோ, பழக்கடை, லாட்ஜ் வேலை என்று பாதி ஊர் அங்கேயே கிடக்கும். மில் ஆட்கள் சாயங்காலம் பந்து விளையாடிய மைதானத்தில், போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் சேர ஆசைப்பட்ட பிள்ளைகள் விடிவதற்குள் ஓட ஆரம்பித்தார்கள். அக்கா மில் கேட்டுக்கு நேர் எதிரே மெஸ் போட்டாள். ஓடிக் களைத்து வருகிற பிள்ளைகளுக்கு அவித்த முட்டை, டெம்போக்காரர்களுக்கு இட்லி, மத்தியானம் சாப்பாடு. அவள் வீட்டுக்காரர் மூடிய மில்லுக்கு வாட்ச்மேன் ஆனார். உள்ளே காவல் காக்க ஒன்றும் இல்லாததால் பெரும்பாலும் மெஸ்ஸைத்தான் காத்தார்.

அவர்களுக்கு ஒரே மகள். தையல் படித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, அங்கேயே பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். வந்த மறுநாளே பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள். அக்கா வேறு எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை. நகை, வீடு என்று பேசமாட்டாள். மகள் ஊரோடு வந்துவிட வேண்டும், தினமும் தன் கையால் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

டிவிக்காரர்கள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதற்கு ஒரு வழி தெரிந்தது. திருப்பூரிலிருந்து ஒரு முதலாளி வந்து மில் குடோனைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு தையல் யூனிட் போடலாமா என்று அவருக்கு யோசனை. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே, இந்தப் பக்கம் வேலைக்குப் பெண்கள் கிடைப்பார்களா என்று கேட்டார். "நீங்க மிஷினக் கொண்டாங்க, ஆள நான் கொண்டாரேன்" என்று அக்கா சொன்னாள். சூப்பர்வைசர் வேலை தெரிந்த ஒரு பிள்ளை திருப்பூரிலேயே இருக்கிறாள் என்பதையும், அது தன் மகள்தான் என்பதையும், அவர் மோர் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் சென்னைக்காரர்கள் வந்தார்கள். புது மாவட்டமான தென்காசி எப்படி இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் படம்பிடிப்பதாகச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். மைக் வைத்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர்கள் வந்து இறங்கியது மத்தியானம் மூன்று மணிக்கு. எங்கள் பக்கத்தில் அந்த நேரம் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார்கள். சாப்பிட்டால் கொஞ்சம் கண்ணயராமல் திரும்பமாட்டார்கள். விடியுமுன் சந்தைக்குப் போனவர்களும் அப்போதுதான் வந்து படுத்திருப்பார்கள். நாலரைக்கு மேல் எல்லாம் மறுபடி திறக்கும். மூன்று மணிக்கு எங்கள் தெருவைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று எனக்குக் காய்ச்சல். கடைக்குப் போகாமல், கஞ்சிக்காக மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அவர்களை முதலில் சாப்பிட வைத்தாள். பிறகுதான் பேச உட்கார்ந்தாள். அந்தப் பெண் கனிவாகக் கேட்டாள், "மில் மூடினது உங்களுக்கு ரொம்பப் பெரிய இழப்பு இல்லையாம்மா?"

"வருத்தந்தான். என்ன செய்ய? சவம் போயிட்டுது. அதையே நெனச்சுக்கிட்டு இருந்தா சோறு பொங்குறது யாரு?" என்றாள் அக்கா.

"இப்போ இந்த ஊரைப் பார்க்கும்போது என்ன தோணுது?"

"என்ன தோணும்? சவம், மூணு மணிக்கு ஒரு டீ குடிக்க ஆளு வரமாட்டேங்கு."

அந்த நேரம் பார்த்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து படம்பிடித்த பையன் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சட்டிக்குள் காலை விட்டான். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கு முன்பல் ஒன்று கிடையாது. அதனால் சிரிப்பு வந்தால் முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொள்வாள். தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் மட்டும் வராது. பையன் ஈரக்காலோடு நின்று அதையும் விடாமல் படம்பிடித்தான்.

சவம் என்கிற சொல்லைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்கத்தான் வேண்டும். பிணத்தை நாங்கள் சவம் என்று சொல்வது அபூர்வம். கரண்ட் போனால் சவம். பஸ் வரவில்லை என்றால் சவம். சோறு தின்னாமல் ஓடுகிற குழந்தையை "சவமே, வா இங்கன" என்று இழுத்து மடியில் வைத்து ஊட்டுவோம். கைவிட்டுப் போன பொருளைப் பற்றிப் பேசும்போது "சவம் போகுது, விடு" என்றால், அதைப் பற்றி இனிக் கவலைப்பட மாட்டேன் என்று பொருள். சலிப்பு, செல்லம், போனால் போகட்டும் என்கிற மனசு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. சென்னையில் இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் அக்கா வந்து "சவம் போயிட்டுது" என்றாள். சோறு பொங்குகிற வாக்கியத்தைக் காணவில்லை, அந்த இடத்தில் வயலின் இருந்தது. ஊரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்ற கேள்விக்கு "சவம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். டீ குடிக்க ஆள் வராத கதையும் வெட்டுப்பட்டிருந்தது. உடனே, முந்தானையில் முகத்தைப் புதைத்துக் குலுங்குகிற அக்காவை மிகக் கிட்டத்தில் காட்டினார்கள். கடைசியில் மில் கேட்டில் ஸ்டூல் போட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் வந்தார். நம்பிக்கை இழந்த கடைசித் தொழிலாளி என்று ஒரு குரல் சொன்னது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் யாரோ டிவியை அணைத்தார்கள். மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் இருந்ததால் வைண்டிங் அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிடுகிறவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏட்டி, சொந்த ஊரப் போயி சவம்னு சொல்லிட்டியே."

"நா மில்லல்லா சொன்னேன் அண்ணாச்சி."

"டிவியில ஊருன்னுல்லா போட்டிருக்கான்."

அக்கா எழுந்தாள். தலையில் இருந்த பிச்சிப்பூவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் போன்கள் வர ஆரம்பித்தன. பம்பாயில் இருக்கிற தம்பி, மதுரையில் இருக்கிற மதினி, எங்கெங்கோ இருக்கிற சொந்தங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அரிசி மூட்டை அனுப்பட்டுமா என்று கேட்டார். "பொன்னியாப் பாத்து அனுப்புங்க" என்று அக்கா சொன்னாள். எத்தனை கோபத்திலும் வருகிறதை வேண்டாம் என்கிறவள் இல்லை.

மகள் பேசியபோதுதான் அவள் உடைந்தாள். ஹாஸ்டலில் எல்லாப் பெண்களும் கூடி உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்கள். போனில் அந்தப் பிள்ளை அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "எங்கிட்ட நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு எதுக்கும்மா பொய் சொன்ன? அப்பாவக் கூட்டிட்டு இங்க வந்துரு. வீடு பாக்கேன். இனி நீங்க அங்கன தனியா இருக்க வேண்டாம்."

"நா அழலட்டி. சிரிச்சேன்."

"சும்மா சொல்லாதம்மா. நா பாத்தேன்லா."

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். "நா அவள இங்கன கொண்டாரதுக்குக் கெடந்து சாவுதேன். அவ என்னைய அங்கன வரச் சொல்லுதா" என்றாள். அப்போது நிஜமாகவே அழுதாள். அதைப் படம்பிடிக்க யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் திருப்பூர்க்காரர் போன் செய்தார். மரியாதையான மனிதர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். "பார்ட்னருங்க கொஞ்சம் யோசிக்கிறாங்கக்கா. அங்க சனமெல்லாம் மனசு விட்டுப்போயிக் கெடக்குதுன்னு டிவியில காட்டுனாங்க, நானும் பாத்தேனுங்க. அப்படிப்பட்ட ஊர்ல வேலைக்கு ஒழுங்கா ஆளு வருமுங்களா? எதுக்கும் கொஞ்ச நாள் போகட்டுங்க." அன்றைக்கு மெஸ் சாம்பாரில் உப்பே இல்லை. சாப்பிட்டவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

அக்கா சொல்லி, மைக் வைத்திருந்த அந்தப் பெண்ணை நான் போனில் பிடித்துக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாகப் பேசினாள். நிகழ்ச்சியைப் பார்த்துத் தன் அம்மாவே அழுதுவிட்டதாகச் சொன்னாள். அக்கா நடந்ததைச் சொன்னதும் குழம்பிப்போனாள்.

"சவம்னா பிணம்தானேம்மா?"

"பிணந்தான் தாயி. ஆனா நா பிணத்தச் சொல்லலையே."

"அப்போ நீங்க அழுதீங்களே?"

"ஒங்க பையன் சட்டிக்குள்ள கால விட்டான்லா, அதுக்குச் சிரிச்சேன்."

அந்தப் பெண் உண்மையாகவே வருந்தினாள். திருத்திப் போட முடியுமா என்று மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கேட்டிருப்பாள், மேலே இருக்கிறவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கிளம்பும்போதே ஒரு கதையைக் கையில் கொடுத்துத்தான் அவளை அனுப்பியிருப்பார்கள். அவள் அதற்குப் பொருத்தமான ஆளைத் தேடி வந்தாள். அக்கா சோறும் போட்டு அவளுக்குத் தேவையான வார்த்தையையும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு படங்கள்தான் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிற நாட்களில் காரில் வந்து, பூவுக்கு நடுவே நின்று படமெடுத்து, சொர்க்கம் என்று எழுதிப் போடுகிறார்கள். விதைத்தவரிடம் இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்பதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மில்லைப் பார்க்கிறவர்கள் சுடுகாடு என்று எழுதுகிறார்கள். எதிரே இருக்கிற மெஸ்ஸில் யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. மில் மூடியது நல்லதுக்குத்தான் என்று நான் சொல்லவரவில்லை. அந்த வேலை போனதில் இன்றுவரை தலையெடுக்காத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. படிப்பை நிறுத்திவிட்டுக் கேரளாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயரை என்னால் சொல்ல முடியும். அந்தப் பெண் கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லியிருப்போம். ஆனால் அந்தப் பிள்ளைகள் கட்டிய வீடுகளையும் காட்டியிருப்போம்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வருகிற போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "குற்றாலத்துல தண்ணி விழுதா?" சௌக்கியமா என்பதே அதற்கு அப்புறம்தான். ஆனி பிறந்து தென்மேற்கில் மேகம் கட்டத் தொடங்கியதும் திருப்பூர்க்காரரும் அக்காவுக்குப் போன் செய்தார். யூனிட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ரெண்டு நாள் லீவு வருதுங்கக்கா. குடும்பத்தோட வரலாம்னு இருக்கறோம். அருவியில தண்ணி வருதுங்களா?"

அக்கா மலைப் பக்கம் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "விழுதுங்க, வாங்க" என்றாள். "ராத்திரி கெளம்புனா விடியக்காலம் வந்துரலாம். நேரா நம்ம கடைக்கு வந்துருங்க. சாப்பிட்டுட்டு அருவிக்குப் போங்க."

போனை வைத்ததும் நான் கேட்டேன், "எக்கா, எங்க விழுது? பாறைதான தெரியுது."

"ஒரு ஓரத்துல விழுதுல்லா? கண்டிப்பா விழுது" என்றாள்.

ஊரில் சேதி பரவியது. கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா, வரவேற்று ஒரு பேனர் வைக்கலாமா என்று வைண்டிங் அண்ணாச்சி முதற்கொண்டு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றாள் அக்கா. "விடியக்காலம் வரச் சொல்லிருக்கேன். மத்தியானம் வந்தாத்தான நமக்குக் கேவலம்" என்றாள். நேரம் பார்த்து வரச் சொன்னதன் சூட்சுமம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

அவர்கள் வந்த அன்று நான் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு மெஸ்ஸில் நின்றேன். கார் வந்து நின்றபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெண்டைக்காயும் தக்காளியும் ஏற்றிய டெம்போக்கள் சந்தைக்குப் போகும் வழியில் டீக்காக வரிசையாக நின்றன. பஸ் ஸ்டாப்பில் தூக்குவாளியோடு பெண்கள், குற்றாலத்து லாட்ஜ்களுக்கும் தென்காசிக் கடைகளுக்கும் போகிறவர்கள். மெஸ்ஸில் உட்கார இடமில்லை. திருப்பூர்க்காரர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கல்லா ஓரமாக நின்றபடி சாப்பிட்டார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் ஓட்டப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அக்கா அவரை அதிகம் கவனிக்கவில்லை. கவனிக்க நேரமில்லை. கிரைண்டர் நின்றுபோனது. "சவம், வேல நேரத்துல நிக்கும்" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், ஓடியது. பால்காரர் வரவில்லை. "அந்தச் சவத்த எங்கன காணும்?" என்று வாசலை எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் கேட்டிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஏட்டி டைப்பு, இந்தச் சவத்துக்கு மொதல்ல ஒரு டீயக் குடு, இல்லைன்னா நின்னுக்கிட்டே ஒறங்கிரும்" என்றாள் என்னிடம்.

திருப்பூர்க்காரர் வாய்க்குக் கொண்டுபோன இட்லியோடு நின்றுவிட்டார். "ஏனுங்கக்கா, உங்க வீட்டுக்காரரையா அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா."

"உசுரோட இருக்கறாருங்களே."

"உசுரோட இருக்கப்போயித்தான அப்பிடிச் சொல்லுதேன்? செத்துட்டா மரியாதையால்லா பேசணும்."

டிவியில் வந்ததெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அக்காவும் முந்தானையை எடுத்தாள். "இப்படித்தானுங்களா அன்னைக்கும் அழுதீங்க?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சாப்பிட்டு முடித்தபின் அவர் தாமாகவே பஸ் ஸ்டாப்புக்குப் போய் அங்கே நின்ற பெண்களிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். அருவிக்குப் போன பிறகு அங்கிருந்து போன் செய்தார். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"தல நனஞ்சுதா இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

ஆவணியில் மிஷின்கள் வந்து இறங்கின. குடோனுக்கு வெள்ளையடித்தார்கள், மின்விசிறி மாட்டினார்கள். மில்லை ஒப்பிட்டால் சின்ன இடம்தான். பழைய மில்லுக்குள் வந்துபோன கூட்டம் எங்கே, இது எங்கே. ஆனாலும் சாயங்காலம் வேலை விட்டு, அந்தக் கேட் வழியாகப் பெண்கள் பேசிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. மறைக்க என்ன இருக்கிறது, கண்ணும் நிறைந்தது.

அக்காவின் மகள் சூப்பர்வைசராக வந்து சேர்ந்தாள். இந்த முறை பெரிய பெட்டியோடு வந்தாள். திருப்பூர் அவளை நன்றாகவே மாற்றியிருந்தது. நடையில் வேகம், பேச்சில் அங்கங்கே ஒரு ‘ங்க’. முதல் வாரம் எல்லாம் நன்றாகப் போனது. அக்கா தெருவில் நடக்கும்போதே சிரித்துக்கொண்டு போனாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் நான் மெஸ்ஸில் இருந்தபோது அந்தப் பிள்ளை சாப்பிட வந்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "எப்பிடிம்மா இந்த ஊர்ல இத்தன காலம் இருந்திய? ஒரு ஊசி வாங்கலாம்னு போனா மூணு மணிக்கு ஒரு கட தொறந்திருக்கா? எட்டு மணிக்கு ஊரே அடங்கிருது. ஒரு நல்ல பேக்கரி உண்டா? பஸ்ஸுக்கு நின்னா கால் வலிக்கு. யாரக் கேட்டாலும் பைய வா, பைய வாங்காங்க. உருப்படவே செய்யாது இந்த ஊரு."

இதே பேச்சுக்காகச் சென்னைக்குப் போன் போட்டு வாதாடிய அக்கா இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் மகளின் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். மகள் மீனையும் தின்று, ஊரையும் மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்த்துவிட்டு, கை கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

இன்றும் வாரம் தவறாமல் இது நடக்கிறது. ஊரில் ஒரு பேக்கரி வந்துவிட்டது, அதில் பப்ஸ் சரியில்லை என்பது இப்போதைய புகார். போன வாரம் பொறுக்கமாட்டாமல் நான் கேட்டுவிட்டேன். "எக்கா, டிவியில ஊரப் பத்திச் சொன்னதுக்கு அந்தக் குதி குதிச்சியே. இப்ப ஒம் மக அதவிடக் கூடச் சொல்லுதா, நீ வாயத் தொறக்காம வெளம்பிக்கிட்டு இருக்கியே."

அக்கா எச்சில் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். "அவுக ஒரு நாள் வந்து பாத்துட்டு, ஊருக்குப் போயி சொன்னாவ. இவ இங்கன உக்காந்து தின்னுக்கிட்டுல்லா சொல்லுதா" என்றாள். "தெனமும் வையட்டும். அவ ஊரு, அவ வைதா. திருப்பூர்ல இருந்தப்ப ஒரு நாளாவது இந்த ஊர வைதிருப்பாளா? நல்ல ஊருன்னுல்லா சொல்லிக்கிட்டு, ஊரோட வராமலே இருந்தா."